அடுத்த வரி

ஏம்மா, ஒரே நிமிஷம். காதுல மாட்டியிருக்கிறதைக் கழட்டணும்னு இல்ல, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இப்ப இந்த பஸ்ல ஓடுதே, இது என்ன பாட்டு? புதுசா?

ரெண்டு வருஷம் ஆச்சா! பாரு. எனக்கு இன்னிக்குத்தான் காதுல விழுது.

தொந்தரவு பண்றேன்னு நினைக்காத. ஆலடியேந்தல் விலக்குக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் மணியா. அந்த முக்கால் மணிக்குள்ள நான் ஒரு பாட்டைக் கண்டுபிடிச்சாகணும்மா. சிரிக்காத, விளையாட்டுக்குச் சொல்லல. மானாமதுரையில டீ வாங்கி அப்படியே கீழ ஊத்திட்டுத்தான் ஏறுனேன். ஊருக்கு ரோடு பிரியற அந்த விலக்குல ஒரு அம்மா எனக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்க. அவங்க கேக்கறதுக்கு முன்ன எனக்குத் தெரிஞ்சாகணும்.

முதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உனக்குப் புரியும். என் பேரு பிலோமினா. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லுல லேடீஸ் ஹாஸ்டல் வார்டன். மில்லு பேரு வேண்டாம், எதுக்கு வம்பு. பதினாலு வருஷமா அங்கதான். முந்நூறு பிள்ளைக. எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது, இருபது. உங்க பக்கத்துப் பிள்ளைகதான் நிறைய, ராமநாதபுரம், சிவகங்கை. அத்தனை பேரையும் வாசல் பூட்டுக்கு உள்ள வச்சுக் காபந்து பண்றது லேசா? சொல்லு. பெத்தவங்க நம்மளை நம்பி விட்டுட்டுப் போறாங்க. ஒரு பிள்ளை மேல ஒரு சொல்லு வர விட்டதில்ல நான். இப்ப வரைக்கும்.

எங்க ஹாஸ்டல்ல பிள்ளைக போன் வச்சுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை ஆபீஸ் போன்ல வீட்டுக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம், அவ்வளவுதான். அப்ப பாட்டுக்கு என்ன பண்ணும்? நோட்டுல எழுதி வச்சுக்கும். பாட்டு நோட்டுன்னு ஒவ்வொருத்திகிட்டயும் ஒண்ணு இருக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போனவ நாலு புதுப்பாட்டோட வருவா. அவளைச் சுத்தி உக்காந்து எல்லாரும் எழுதுவாளுக. பூ வரைஞ்சு, கலர் பேனாவுல கோடு போட்டு. பரீட்சைக்கு இப்படி எழுதியிருந்தா மில்லுக்கு வந்திருக்க வேண்டாம்னு நான் கிண்டல் பண்ணுவேன்.

சனிக்கிழமை மத்தியானம் சோதனை. பெட்டியைத் திறந்து பார்க்கணும், நோட்டைப் பார்க்கணும். பாட்டுக்கு நடுவுல காதல் கடுதாசி எழுதி வச்சிருவாளுகளே. பார்த்த பக்கத்துல பச்சை இங்க்குல 'பார்த்தேன்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போடணும். எனக்கு முன்ன இருந்த வார்டன் ஏற்பாடு அது. நான் ஒரு வாரம் தவறினதில்ல.

நீ நினைக்கலாம், இந்தக் கிழவிக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்னு. எனக்கா தெரியாது? எங்க தெருவுல பாட்டுன்னா பிலோமினாதான். ரேடியோவுல ரெண்டு இழுப்பு வயலின் கேட்டாப் போதும், எந்தப் படம், யாரு பாடுனது, எந்தத் தியேட்டர்ல ஓடுச்சு, எல்லாம் சொல்லுவேன். எங்கப்பா தலையில அடிச்சுக்குவாரு, 'ஜெபம் சொல்லச் சொன்னா வாய் திறக்க மாட்டா, சினிமாப் பாட்டுன்னா சரணம் வரைக்கும் ஒப்பிப்பா'ன்னு. அப்படி இருந்தவதான். எப்ப விட்டுப் போச்சுன்னே தெரியலம்மா. பஸ்ஸைத் தவற விட்டா நமக்குத் தெரியும், புழுதியைப் பார்த்துக்கிட்டு நிப்போம். பாட்டைத் தவற விட்டா தெரியறதில்ல. ஒரு நாள் யாராவது சிரிக்கும்போதுதான் தெரியுது.

சிரிச்சாங்க. அதைச் சொல்றேன்.

போன வருஷம் ஆடி மாசம். பாண்டிமீனான்னு உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. வாயாடி. அவ நோட்டைத் திறந்தா, 'விடியுமுன்னே வந்திரு, வேலியோரம் நிக்கிறேன், யாருக்கும் சொல்லாதே, ஊருக்கும் சொல்லாதே'ன்னு எழுதியிருக்கு. நீயே சொல்லு, பார்த்தா என்ன தோணும்? எங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடி நிஜமாவே கம்பி வேலி இருக்கு. அவளைத் தூக்கி நோயாளி ரூம்ல போட்டுப் பூட்டுனேன். 'மேடம், அது பாட்டு மேடம், பாட்டு மேடம்'னு கதவைத் தட்டுறா. எல்லாருந்தான் அப்படிச் சொல்லுவாளுகன்னு நான் காதுலயே வாங்கல. அப்பனுக்குப் போன் போட்டேன். மனுஷன் காலுல செருப்புக்கூட இல்லாம வயக்காட்டுல இருந்து அப்படியே வந்து நிக்கறாரு, கூட அவரு மச்சினன் வேற. நான் நோட்டை வாசிச்சுக் காட்டுறேன். அவரு மக கன்னத்துல ஒண்ணு விட்டாரு. அடுத்ததுக்குக் கையை ஓங்குறாரு.

அப்ப அவரு சட்டைப் பையில போன் அடிச்சுச்சு. என்ன அடிச்சுச்சு தெரியுமா? 'விடியுமுன்னே வந்திரு, வேலியோரம் நிக்கிறேன்.' மேளம் தாளத்தோட.

மகன்காரன் வச்சு விட்டிருக்கான். அவருக்கு அது சினிமாப் பாட்டுன்னுகூடத் தெரியாது, போன் சத்தம்னுதான் தெரியும். ஓங்குன கையோட நிக்கறாரு. அப்புறம் ஒருத்தி சிரிச்சா. அப்புறம் முந்நூறு பேரும் சிரிச்சாங்க. அடி வாங்கி அழுதுக்கிட்டு இருந்தாளே பாண்டிமீனா, அவளும் சிரிச்சா. சமையக்கட்டுல இருந்து கரண்டியோட ஓடி வந்து சிரிச்சாங்க. அந்த அப்பன் மட்டும் சிரிக்கல, என்னைப் பார்த்தாரு பாரு ஒரு பார்வை. அது இன்னும் முதுகுல இருக்கு எனக்கு.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டு விட்டாரு. ஏசலம்மா. ஏசியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. எல்லா ஆபீசருங்களும் இருக்கும்போது, 'வார்டன் மேடம், மாசத்துக்கு ஒரு பாட்டாவது கேளுங்க. அது எங்க வீட்டுல பால் குடிக்கிற பிள்ளைகூடத் தலையாட்டுற பாட்டு'ன்னாரு. சிரிப்பு. அதுக்கப்புறம் நான் வராந்தாவுல நடந்து போனா, ஏதாவது ஒரு ரூம்ல இருந்து 'வேலியோரம்'னு ஒரு இழுப்பு வரும். திரும்பிப் பார்த்தா எல்லாரும் துணி மடிச்சுக்கிட்டு இருப்பாளுக. எம்பேரே வேலியோரம்னு ஆயிருச்சு.

சூடு கண்ட பூனைம்மா நான். அதுக்கப்புறம் கத்துக்கலாம்னு பார்த்தேன். சாயங்காலமானா டிவியில பாட்டு போடற சேனலை வச்சுக்கிட்டு, கணக்குப் பாடம் படிக்கிற மாதிரி உக்காருவேன். என்னத்தைச் சொல்ல. வார்த்தையே பிடிபடல. பாடுறானா ஓடுறானான்னு தெரியல. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு தெரியல. நாலு மாசம் உக்காந்து பார்த்தும் நாலு பாட்டு மனசுல நிக்கல. அப்புறம் ஒரு வழி கண்டுபிடிச்சேன். யாரு எந்தப் பாட்டைச் சொன்னாலும், 'ஓ, அதுவா, தெரியுமே' அப்படின்னு சொல்லிடறது. முதல் தரம் சொல்லும்போது நாக்கு குழறுச்சு. அப்புறம் பழகிடுச்சு. 'அந்தத் தாடிக்காரப் பையன் ஆடுவானே' அப்படின்னு ஒரு போடு போடுவேன். எல்லாவனுந்தான் தாடி வச்சிருக்கான், தப்பே வராது. பிள்ளைக, 'மேடம் தேறிட்டாங்கடி'ன்னுச்சுக. வேலியோரம் நின்னு போச்சு. எனக்கு உசுரு வந்துச்சு.

இப்ப நாகஜோதி விஷயத்துக்கு வர்றேன்.

விலக்கு வந்தாச் சொல்லும்மா, மறந்துராத.

நாகஜோதி, ஆலடியேந்தல் பிள்ளை. பத்தொன்பது வயசு. அப்பா இல்ல, அம்மா மட்டும், இருளாயின்னு பேரு. பத்து மாசமா இருந்தா. இருக்கற இடம் தெரியாது. இந்த மாதிரிப் பிள்ளையாலதான் வார்டன் பிழைக்க முடியும்னு நானே சொல்லியிருக்கேன். கடைசி ரெண்டு மாசமாத்தான் ஒரு நச்சரிப்பு. ஊருக்குப் போகணும், அவுட்பாஸ் குடுங்க மேடம்னு. என்ன விசேஷம்னேன். ஒண்ணும் இல்லன்னா. ஒண்ணும் இல்லாததுக்கு எப்படிம்மா அனுப்பறது? மூணு மாசத்துக்கு ஒரு தரம், இல்லாட்டி நல்லது கெட்டது. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. ரெண்டு தரம் கேட்டா, ரெண்டு தரமும் முடியாதுன்னுட்டேன். அப்புறம் ஷிப்டு மாத்திக் குடுங்கன்னா. சாயங்கால ஷிப்டு வேண்டாம், காலைக்குப் போடுங்கன்னா. அது என் கையில இல்ல, சூப்பர்வைசர் தனபாலன்தான் போடுறாரு, அவருகிட்டயே போய்க் கேளுன்னேன். ஒரு மாதிரி முழிச்சா. 'அவருகிட்டயேவா மேடம்?'னா. 'பின்ன, கலெக்டர்கிட்டயா போய்க் கேப்ப?'ன்னேன். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. அவ போயிட்டா.

அதுக்கு அடுத்த சனிக்கிழமை. சோதனை நேரம். மத்தவளுக நோட்டை ஒளிச்சு வைப்பாளுக, நான் தேடி எடுக்கணும். இவ தானாவே கொண்டாந்து நீட்டுறா. பக்கத்தைத் திறந்து, விரலை வச்சுக் காட்டி, 'இதைப் படிங்க மேடம்'ங்கிறா. படிச்சேன். படிக்காம இல்லம்மா, நாலு வரிதான், நல்லாவே படிச்சேன்.

படிக்கட்டுல பாண்டிமீனாவும் ரெண்டு மூணு பேரும் தலை வாரிக்கிட்டு இருக்காளுக. வாருற சீப்பு நின்னு போச்சு, எல்லாரும் என்னையே பார்க்கறாளுக. இவ எதையோ காட்டுறாளே, மேடம் என்ன பண்ணப் போறாங்கன்னு. எனக்கு அந்த அப்பன் சட்டைப் பை ஞாபகம் வந்துருச்சு. இது என்னடா, கூப்பிட்டு விசாரிச்சா மறுபடி எங்கயாவது ஒரு போன் பாடுமோன்னு பயம். அதனால நல்லா சத்தமாச் சொன்னேன். 'ஓ, இதுவா? இது தெரியுமே. ரெண்டு வாரமா எங்க திரும்பினாலும் இதைத்தானே போடுறான்'னு.

பாண்டிமீனா, 'எந்தப் படம் மேடம்?'னா. 'புதுசுடி, நீ ஊருக்குப் போனாத்தானே தெரியும்'னேன். அன்னிக்கு ஜெயிச்சது நான்தான்.

நாகஜோதி போகல. அங்கயே நிக்கறா. 'உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமா மேடம்?'னா. தெரியும்னேன். 'அப்ப அடுத்த வரி என்ன மேடம்?'னா.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. பாரேன், இந்த ஊமைக்கோட்டான்கூட என்னைச் சோதிக்குதேன்னு. 'அடுத்த வரியை மனப்பாடம் பண்ணவா எனக்கு இங்க வேலை? போ, போய்த் துணியைக் காயப் போடு'ன்னேன். பச்சைப் பேனாவை எடுத்து 'பார்த்தேன்'னு எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்டுக் கையில குடுத்தேன். வாங்கிக்கிட்டா. 'சரி மேடம்'னா. அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை காணோம்.

மத்தியானம் வந்து சாப்பிட்டிருக்கா. தட்டைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்டுக்கு அனுப்பும்போது எண்ணினா ஒண்ணு குறையுது. மறுபடி எண்ணினேன். மூணு தரம் எண்ணினேன். கழிவுப் பஞ்சு ஏத்துற லாரி வாசல் ஒண்ணு பின்னாடி இருக்கு, அது வழியாத்தான் போயிருக்கணும்ங்கிறாங்க. இன்னியோட இருபத்து மூணு நாள் ஆச்சும்மா. ஊருக்கும் வரல, சொந்தக்காரங்க வீட்டுக்கும் போகல. மாத்துத் துணிகூட எடுக்கல.

போலீஸ் வந்துச்சு. ஒரு பொம்பள எஸ்.ஐ. அம்மா. பெட்டியைக் கிளறுனாங்க, நோட்டு கிடைச்சுச்சு. கடைசிப் பக்கத்துல அந்த நாலு வரி, கீழ என் கையெழுத்து. 'நீங்க படிச்சீங்களா?'ன்னு கேட்டாங்க. படிச்சேன்னேன். 'படிச்சும் ஒண்ணும் தோணலையா?'ன்னாங்க. அங்க மேனேஜர் நிக்கறாரு, பாண்டிமீனா நிக்கறா, எல்லாரும் நிக்கறாங்க. 'இது சினிமாப் பாட்டு மேடம், எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டு'ன்னேன். மேனேஜரும், 'ஆமா, இந்தப் பிள்ளைங்க இப்படித்தான் எழுதிக்கிட்டே இருக்கும்'னாரு. எஸ்.ஐ. அம்மா அப்படியே எழுதிக்கிட்டாங்க. பாட்டு நோட்டுதானேன்னு என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாங்க.

காதல் பாட்டு எழுதி வச்சிருக்கா, அப்ப எவனோ இருக்கான். அதான் அவங்க முடிவு. இப்ப எவனைத் தேடறதுன்னு ஊருல இருக்கற வாலிபப் பசங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்களாம். அந்தம்மாவைத் தண்ணிக் குழாய்ல நிக்க விடலையாம், ஓடிப்போனவளைப் பெத்தவன்னு. நான் சொன்ன ஒரு வார்த்தை அங்க போய் அந்தம்மா தலையில விழுந்து கிடக்கு. ஆனா நான் என்ன பொய்யா சொன்னேன்? அது பாட்டா இருந்தா நான் சொன்னது நிஜந்தானே? அதைத்தான் தேடறேன். திண்டுக்கல்ல போன் கடை போன் கடையாக் கேட்டுட்டேன். கேசட்டு வித்த கடைக்காரரு ஒருத்தரு இருக்காரு, அவரும் எனக்கு மேல. 'நானே கேக்கறதை விட்டுப் பத்து வருஷம் ஆச்சு சிஸ்டர்'ங்கிறாரு.

முந்தாநாள் அந்தம்மா போன் பண்ணாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். திட்டல. 'தாயி, எம்புள்ள கடைசியா ஏதோ பாட்டு எழுதி வச்சிருந்தாளாம்ல. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீங்க அந்தப் பாட்டைக் கேட்டிருக்கீகளாம்ல. ஒரு தடவை வந்து எனக்குப் பாடிக் காட்டுவீகளா? எங்க போனான்னு அதுல இருக்கான்னு பார்க்கணும்'னாங்க. எப்படி மாட்டேன்னு சொல்றது? வர்றேன்னுட்டேன். அதான் இந்த பஸ்.

உன் போன்ல இப்ப எதைப் போட்டாலும் வருமாமே. இதைப் போட்டுப் பாரேன். இந்தா, நோட்டு. பார்த்துப் பிரி, தாளு பழசு. இந்தப் பக்கம்.

'நீ நிக்கிற வழியில எனக்கு நடக்க முடியல.
நீ கூப்பிடுற குரலுக்கு எனக்குத் திரும்ப முடியல.
சாவி வச்சிருக்கவங்க ஒரு தரம் திறந்தாப் போதும்,
நான் வந்த வழியே போயிருவேன்.'

நல்லாத்தானே இருக்கு? பாட்டு மாதிரித்தானே இருக்கு? அவன் வழியில நிக்கறான், இவளுக்கு வெக்கத்துல நடை வரல. எல்லாப் பாட்டும் அதானே.

வரலையா? சிக்னல் இருக்கா? முதல் வரியை மட்டும் போடு. அதுவும் வரலையா. ரெண்டாவது வரி? வேற ஏதோ வருதா. வேற எதுவும் வேண்டாம், இது வரணும். சில பாட்டு ஏத்த லேட்டாகும்ல? படம் வராத பாட்டா இருக்கலாம்ல? நீ என்ன சட்டுனு இல்லன்னு சொல்லிட்ட. சின்னப் பிள்ளை நீ, உனக்கு எல்லாப் பாட்டும் தெரியுமா?

ஒரு ஆளு கேட்டிருக்காரும்மா. அதான் எனக்குத் தெம்பு. சும்மா சொல்லல, சாட்சியோட சொல்றேன். சூப்பர்வைசர் தனபாலன்னு சொன்னேனே, அவருதான். போலீஸ் வந்து போன ரெண்டாம் நாள் ஹாஸ்டல் வாசலுக்கே வந்தாரு. ஒரு நாளும் அந்தப் பக்கம் வராதவரு. 'அக்கா, நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. அது பாட்டுதான். நானே கேட்டிருக்கேன், எங்க ஊரு டீக்கடையில ஓடுது. யாரு கேட்டாலும் பாட்டுன்னே சொல்லுங்க'ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அவ்வளவு பெரிய மில்லுல எனக்காகப் பேசுன ஒரே ஆளு.

என்னது?

இல்ல. அவருக்கு நான் காட்டல. நோட்டு என் பீரோவுல இருந்துச்சு. போலீஸ் வந்தப்ப அவரு அங்க இல்ல, லீவு. மேனேஜர் வாசிக்கலையே, எஸ்.ஐ. அம்மா மனசுக்குள்ளதானே படிச்சாங்க. சத்தமா யாரும் வாசிக்கல.

அப்ப எந்தப் பாட்டை அவரு டீக்கடையில கேட்டாரு?

இரும்மா. நீ ஒண்ணு சொல்லி என்னைக் கலக்கி விடாத. யாராவது சொல்லியிருப்பாங்க. யாரு சொல்லியிருப்பா? அதுவரைக்கும் அந்தப் பக்கத்தைப் பார்த்தது நானும் எஸ்.ஐ. அம்மாவும், ரெண்டே பேரு. அவளையும் சேர்த்தா மூணு. அவ போய் அவருகிட்டயா காட்டியிருப்பா? 'அவருகிட்டயேவா மேடம்'னு கேட்டவ.

வேண்டாம், அந்தப் பேச்சை விடு. நேரம் இல்ல. நான் ஒரு மெட்டு போட்டு வச்சிருக்கேன். ஆமா, நானேதான். மெட்டு தெரியலைன்னா அந்தம்மாவுக்கு எப்படிப் பாடறது? ரெண்டு நாளா முணுமுணுத்துப் பார்க்கறேன். மெதுவாப் பாடறேன், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். இந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லு.

'நீ நிக்கிற வழியில... எனக்கு நடக்க முடியல... நீ கூப்பிடுற குரலுக்கு...'

கோயில் பாட்டு மாதிரியா இருக்கு? பூசையில பாடிப் பாடி அந்த இழுப்பு வந்துருச்சு. வேகமாப் பாடினாச் சரியாயிரும். முதல் ரெண்டு வரி வந்துருது. இந்த மூணாவது வரிதாம்மா மெட்டுல உக்கார மாட்டேங்குது. நானும் இழுத்துப் பார்த்தேன், சுருக்கிப் பார்த்தேன். பேச்சு மாதிரியே வந்து நிக்குது. 'சாவி வச்சிருக்கவங்க ஒரு தரம் திறந்தாப் போதும்.' பாரு, எப்படிச் சொன்னாலும் பேச்சாவே வருது. 'சாவி வச்சிருக்கவங்க ஒரு தரம் திறந்தாப் போதும், நான் வந்த வழியே போயிருவேன்.' யாரோ எதிர்ல நின்னு கேக்கற மாதிரி.

சாவி எங்கிட்டத்தானேம்மா இருந்துச்சு. பதினாலு வருஷமா என் இடுப்புலதானே கிடந்துச்சு.

பாட்டு இல்லம்மா இது. நீ முதல்லயே சொல்லிட்ட, எனக்குத்தான் ஏறல. ஏறலைன்னு சொல்றதும் பொய்யி. அன்னிக்கு அவ 'அடுத்த வரி என்ன மேடம்'னு கேட்டப்பவே உள்ளுக்குள்ள எங்கயோ ஒண்ணு இடிச்சுச்சு. இது பாட்டு இல்லடி பிலோமினான்னு இடிச்சுச்சு. படிக்கட்டுல நாலு பேரு பார்க்கறாங்கன்னு அதை மிதிச்சுத் தாண்டிப் போயிட்டேன். அவளை அந்தத் தனபாலன் வழி மறிச்சிருக்கான். பத்தொன்பது வயசுப் பிள்ளை, வாயால சொல்ல முடியாம, நான் எதைப் படிப்பேன்னு யோசிச்சு, அதுல எழுதிக் கொண்டாந்து கையில குடுத்திருக்கா. நான் தெரியும்னேன். தெரியுமே, எங்க திரும்பினாலும் போடுறானேன்னேன். அவ என்னன்னு நினைச்சிருப்பா? இந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும், தெரிஞ்சும் திறக்க மாட்டேங்குதுன்னுதானே நினைச்சிருப்பா? அப்படி நினைச்சுக்கிட்டே போயிட்டாளே. ஐயோ, மாதாவே.

அடுத்த வரியை நான்தானே சொல்லியிருக்கணும். 'என்னடி ஆச்சு உனக்கு'ன்னு ஒரே ஒரு வரி. அதுக்கு எந்தப் பாட்டும் தெரிஞ்சிருக்க வேண்டியதில்லையே.

என்ன சொல்ற, அடுத்த நிறுத்தமா? அதா அந்தப் புளியமரம்? நிக்கறாங்களே, பச்சைச் சேலை, அவங்கதான் போல. கையில ஒரு சொம்பு வேற. எனக்குக் குடிக்கத் தண்ணி கொண்டாந்திருக்காங்க பாரு.

கொஞ்சம் எழுந்திரிக்கக் கை குடும்மா. இறங்கின உடனே போலீசுக்குத்தான் போகணும், அந்த ஆளு பேரை என் கையாலயே எழுதிக் குடுக்கணும். இருபத்து மூணு நாளா இல்லாத எவனையோ தேடிக்கிட்டு இருக்காங்க, இனியாவது அவளைத் தேடட்டும். என் வேலை போனாப் போகுது. ஆனா அதுக்கு முன்ன அந்தம்மா கேப்பாங்களே, பாடுங்கன்னு. பாட மாட்டேன். நிக்க வச்சு வாசிக்கத்தான் போறேன். நாலெழுத்துப் படிக்காதவங்க. எனக்குப் புரிய இருபத்து மூணு நாள் ஆச்சு, அவங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.